எல்லை ஓரத்துக் கொடி

நீலகிரியில் வீடும் சிறு தோட்டமும் உடைய குடும்பங்களுக்குள் மழைக்காலம் நெருங்கும்போது ஒரு வழக்கம் தலைகாட்டுகிறது. அண்டை வீட்டாரோடு எல்லையைப் பற்றி மனத்தாங்கல் இருக்கும். சுவர் எழுப்பினால் சண்டை மூளும். முள்கம்பி இழுத்தால் போலீஸ் வரும். ஆகவே தகராறுக்குரிய கோட்டின்மேல் நாலு கழிகளை ஊன்றி ஒரு பூங்கொடியை நட்டுவிடுகிறார்கள். பூவை யார் ஆட்சேபிக்கப் போகிறார்கள் என்பது அவர்கள் எண்ணம். வக்கீலும் அமீனாவும் செய்யமுடியாத காரியத்தை இந்த வாயில்லாக் கொடி சந்தடியின்றிச் செய்து முடிக்கும் என்று நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரியானது என்று சிறிது ஆராய்வோம். விஷயம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் இரண்டு குடும்பங்கள் தலைமுறைக்கும் பேசாமலிருப்பதற்கு இரண்டு முழ நிலம் போதும் என்பதை முன்சீப் கோர்ட்டு வாசலில் அரை நாள் நின்றவர்கள் அறிவார்கள்.

மலைநாட்டில் எல்லைத் தகராறு எளிதில் முளைப்பதற்குக் காரணம் மலைவாசிகளின் குணமன்று; மலையின் குணமே. சமவெளியில் வரப்பு இருக்கிறது. அதை ஒருவன் வெட்டினால் ஊரே பார்க்கும். இங்கோ நிலம் படிப்படியாக இறங்குகிறது. மேல்வீட்டாரின் முற்றம் முடிந்து கீழ்வீட்டாரின் முற்றம் தொடங்குவதற்கு நடுவே செங்குத்தான மண்சரிவு ஒன்று இருக்கும். அந்தச் சரிவு யாருக்குச் சொந்தம்? தம் மண்ணைத் தாங்கி நிற்பது தமதே என்கிறார் மேல்வீட்டார். நாளை இடிந்து விழப்போவது தம் கூரைமீதுதான், ஆகவே அதன்மேல் தமக்கே அதிகாரம் என்கிறார் கீழ்வீட்டார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதுவே சங்கடம். சர்க்கார் நட்ட சர்வே கல்லாவது சாட்சி சொல்லுமா என்றால், மழைக்கு மண் சரிந்து கல் புதைந்துபோகிறது, அல்லது மண்ணோடு சேர்ந்து தானும் இறங்கிவிடுகிறது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, உதகைப் பகுதிகளில் பெய்த பேய்மழையில் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். வீடுகளே இடம் பெயர்ந்தன. எல்லைக் கற்களின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு காரணம் உண்டு. இதைப் பலரும் கவனிப்பதில்லை. சர்வே இலாகாவின் படம் காட்டுவது கிடைமட்டமான தூரம்; தரையின்மேல் நாடாவை விரித்தால் கிடைக்கும் தூரம் அன்று. 30 பாகை சாய்வுள்ள நிலத்தில், படத்தில் 100 அடியாகக் கண்ட இடம் தரைமேல் சுமார் 115 அடி நீளம் இருக்கும். இதை அறியாத மேல்வீட்டார், தம் மேல்மூலையிலிருந்து சரிவோடு 100 அடி அளந்து அங்கே முளை அடித்துவிடுகிறார். கீழ்வீட்டாரும் தம் அடிமூலையிலிருந்து அவ்வாறே மேல்நோக்கி அளந்து முளை அடிக்கிறார். இரண்டு முளைகளுக்கும் நடுவே முப்பது அடி அகலத்தில் ஒரு கீற்று எஞ்சி நிற்கிறது! உண்மையில் அதில் பாதி அவருக்கு, பாதி இவருக்கு. ஆனால் இருவரும் அதை உபரி என்று எண்ணி, முந்திக்கொண்டவனுக்கே அது என்று தீர்மானிக்கிறார்கள். ஒருவர் பாதியை எடுத்துக்கொண்டால் மற்றவர் கண்ணுக்கு அது திருட்டாகப் படுகிறது. கொடி நடப்படுவது இத்தகைய கீற்றில்தான். கணக்குப் பிசகில் பிறந்த பகையைக் கணக்கினால் தீர்க்கலாமேயன்றிப் பூவினால் தீர்க்க முடியாது.

கணக்குக்கு வழி இருக்கிறது. சென்னை மாகாணத்தில் 1923-இல் செய்யப்பட்ட சர்வே எல்லைச் சட்டமே இன்றும் தமிழ்நாட்டில் அமுலில் உள்ளது. அச்சட்டத்தின்படி சர்வே நடக்கும்போது எல்லையில் தகராறு எழுந்தால், சர்வே அதிகாரி இரு தரப்பாருக்கும் நோட்டீஸ் கொடுத்து விசாரித்து முடிவு செய்ய வேண்டும். அம்முடிவின்மேல் அப்பீல் உண்டு. சர்வே முடிந்ததாக அறிவிப்பு வெளியான பின், மூன்று வருஷத்துக்குள் சிவில் கோர்ட்டில் தாவா செய்து மாற்றினாலொழிய, அந்த எல்லையே எல்லை. இன்றைக்கு ஒரு குடும்பத்தார் செய்ய வேண்டியதெல்லாம், கட்டணம் கட்டித் தாலூகா ஆபீசுக்கு மனு செய்வதுதான். ஜனங்கள் இதை ‘எஃப் லைன் மனு’ என்கிறார்கள். சர்வேயர் புலப்படத்தோடு வந்து, பக்கத்து நிலத்தாரையும் வைத்துக்கொண்டு அளந்து காட்டுவார். இது கோர்ட்டுத் தீர்ப்பு அன்று. மனக்குறை உள்ளவர் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். எனினும் நாடாவைப் பிடித்துக்கொண்டு இருவர் இரு பக்கம் இழுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நிற்க. அளக்காமலே நட்ட கொடிக்குச் சட்டம் என்ன மதிப்புக் கொடுக்கிறது? எதிரிடை அனுபோகம் என்று ஒரு விதி இருப்பதைப் பலர் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி, பிறர் நிலத்தை ஒருவர் பகிரங்கமாக, இடைவிடாமல், உடையவரின் உரிமையை மறுத்துப் பன்னிரண்டு வருஷம் அனுபவித்துவிட்டால், உடையவர் அதைத் திரும்பப் பெறும் உரிமை அற்றுப்போகிறது. இந்த விதி நேர்மையான உடையவருக்குக் கொடுமை இழைப்பது என்று 2008-இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமே மனம் நொந்து கூறி, இதை மறுபடி ஆலோசிக்கும்படி சர்க்காரைக் கேட்டுக்கொண்டது. ஆயினும் விதி போகவில்லை. 2019-இல் அதே நீதிமன்றம், இவ்வாறு பாத்தியதை அடைந்தவர் தற்காப்புக்காக மட்டுமின்றித் தாமே வாதியாகவும் வழக்குத் தொடரலாம் என்று தீர்ப்பளித்தது.

இதைக் கேட்டுக் கொடி நட்டவர் மகிழ்ந்துவிட வேண்டாம். நாலு கழியும் ஒரு மல்லிகையும் சுவாதீனம் ஆகிவிடாது. நிலம் முழுவதையும் பிறரை விலக்கி ஆண்டதற்குச் சாட்சியம் வேண்டும். பூச்செடிக்குத் தண்ணீர் விட்டதும் கிளை கழித்ததும் அவ்வளவு கனமான சாட்சியம் அல்ல. ஆனால் எதிர்வீட்டார் அலட்சியமாக இருந்துவிடவும் கூடாது. கொடிக்குப் பின் கழி கம்பியாகும். கம்பிக்குப் பின் மண் வெட்டித் தளம் போடப்படும். தளத்தின்மேல் குளியலறை எழும். பன்னிரண்டாம் வருஷம் கோர்ட்டில் காட்டப்படும் புகைப்படத்தில் கொடிதான் எல்லைக்கு ஆதியாக நிற்கும். ஆகவே, நட்ட முதல் மாதத்திலேயே இரு வீட்டாரும் ஒரு தாளில், ‘இந்தக் கொடி எல்லையைக் குறிப்பதன்று, எங்கள் இருவருடைய உரிமைக்கும் இதனால் பாதகமில்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வது நல்லது. நட்டவர் கையொப்பமிட மறுத்தால், கொடியின் நோக்கம் வெளியாகிவிட்டது என்று அறியலாம்.

எல்லை தாண்டி வரும் கிளையைப் பற்றிய நியாயம் பழையது. இங்கிலாந்தில் லெமன் என்பவருக்கும் வெப் என்பவருக்கும் நடந்த வழக்கு 1894-இல் பிரபுக்கள் சபை வரை சென்றது. அயலார் மரத்தின் கிளை தன் நிலத்தின்மேல் நீண்டால், அயலார் நிலத்தில் கால் வைக்காமல், தன் எல்லைவரையில் அதை வெட்டலாம், முன்னறிவிப்புக்கூடத் தேவையில்லை என்று தீர்ப்பாயிற்று. நம் நியாயஸ்தலங்களும் இந்த நியாயத்தைத் தழுவியே வந்திருக்கின்றன. கொடிக்கு இது தடையின்றிப் பொருந்தும். மரத்துக்கு நீலகிரியில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. 1955-ஆம் வருஷத்து மலைப்பிரதேச மரப் பாதுகாப்புச் சட்டம் அமுலிலுள்ள இடங்களில், தன் பட்டா நிலத்திலுள்ள மரத்தை வெட்டுவதற்கும் அதற்கென அமைந்த கமிட்டியின் அனுமதி வேண்டும். எல்லையில் மரத்தை நட்டுவிட்டுப் பின்னால் வருந்துகிறவர்கள் இதை அப்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள். கொடியை மாற்றி நடலாம். சில்வர் ஓக் மரத்தை மாற்றி நட முடியுமா?

சில்வர் ஓக் என்றதும் மிளகு நினைவுக்கு வருகிறது. கூடலூர்ப் பக்கத்திலும், குன்னூருக்குக் கீழே பர்லியாறு வரையிலும் எல்லை மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். பூங்கொடியைப் பற்றிய தகராறு மானத்தைப் பற்றியது. மிளகுக் கொடியைப் பற்றிய தகராறு பணத்தைப் பற்றியது. கொடியின் வேர் ஒருவர் மண்ணில். மரத்தின் அடி இருவர் மண்ணில். காய்த்த சரம் மற்றவர் பக்கம் தொங்குகிறது. ஏணி வைத்துப் பறிக்கிறவர் யார்? நல்ல அயலார்கள் இதற்குச் சட்டம் பார்ப்பதில்லை. நட்டவர் பறித்து, ஒரு பங்கைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். இந்த ஏற்பாடு இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உயிரோடிருக்கும் வரையில் நன்றாக நடக்கும். பிள்ளைகள் காலத்தில் பங்கு பாத்தியதையாக மாறும். அதன் பிறகு வக்கீல்தான்.

வேலியை வைத்து நிலத்தைப் பிடிக்கும் வித்தை நீலகிரிக்குப் புதிதன்று. இம்மலையின் நவீன சரித்திரமே அதில்தான் தொடங்குகிறது. கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறினார்; 1822-இல் உதகையில் கல்வீடு கட்டத் தொடங்கினார். இன்று அரசு கலைக் கல்லூரி உள்ள வளாகத்தில் அவ்வீடு நிற்கிறது. அதுவரையில் அந்தப் புல்வெளிகளில் தோதவரின் எருமைகள் மேய்ந்தன. தோதவர் தங்கள் கோயிலைச் சுற்றிக் காரையின்றிக் கல்லடுக்கிச் சிறு மதில் வைப்பார்கள். மேய்ச்சல் நிலத்துக்கு வேலி வைத்ததில்லை. தேவையும் இருக்கவில்லை. வெள்ளைக்காரர்கள் வந்ததும் ரோஜாவும் ஜெரேனியமும் ஹீலியோட்ரோப்பும் வேலிகளாயின. அந்தப் பூவேலிகளின் அழகைப் புகழாத சீமைப் பிரயாணிகள் குறைவு. வேலிக்குள் அகப்பட்ட புல் யாருடையது என்று கேட்டவர்கள் அதைவிடக் குறைவு.

கேட்டவர்களில் சல்லிவனும் ஒருவர் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. தோதவரே இந்நிலத்தின் உடையவர்கள், அவர்களுக்கு விலையும் ஈடும் தரவேண்டும் என்று அவர் வாதாடினார். 1827 முதல் 1832 வரை சென்னைக் கவர்னராயிருந்த லஷிங்டன் அதற்கு நேர்மாறான அபிப்பிராயம் கொண்டிருந்தார். தோதவருக்கு இருப்பது மேய்ச்சல் அனுபோகம் மட்டுமே, மண் சர்க்காருடையது என்ற கொள்கையே முடிவில் நிலைத்தது. உரிமைக்காகப் பரிந்து பேசிய சல்லிவனும் விஸ்தாரமான நிலத்தை வளைத்துப் பண்ணை வைத்திருந்தவர்தாம். மனித சுபாவம் இப்படிக் கலவையானது. வேலி இல்லாத நிலம் உடையவன் இல்லாத நிலம் என்று எண்ணுவது ஒரு தேசத்தாரின் பழக்கம்; அது இன்னொரு தேசத்தாரின் மண்ணில் சட்டமாயிற்று. இன்று கழியூன்றிக் கொடி நடுகிற நம்மவர்களும் அறிந்தோ அறியாமலோ அதே பாடத்தைத்தான் படிக்கிறார்கள்.

வந்தவர்கள் நட்ட வேலி, நட்ட இடத்தில் நின்றதா? இல்லை. கார்ஸ் என்னும் முட்செடியும் ப்ரூம் என்னும் செடியும் மஞ்சள் பூவுக்காகவும் தாய்நாட்டு ஞாபகத்துக்காகவும் இங்கே கொண்டுவரப்பட்டன. அவை தோட்டத்தை விட்டு வெளியேறி உதகையைச் சூழ்ந்த புல்வெளிகளைப் பிடித்துக்கொண்டன. கார்ஸ் விதை மண்ணுக்குள் பல்லாண்டுகள் உறங்கிப் பின்னும் முளைக்கும்; வெட்டினாலும் எரித்தாலும் திரும்பி வரும். நியூசிலாந்திலும் இதை வேலிக்காகவே வைத்தார்கள். இன்று அங்கே இதை ஒழிக்கப் படாத பாடு படுகிறார்கள். கொடிகளிலும் இதே கதைதான். மலையில் தாட்பூட் என்று வழங்கும் பாஷன் பழ வகைகளுள், வாழைப்பழம்போல் நீண்ட காய் காய்க்கும் ஒரு கொடி உண்டு. தென்னமெரிக்க மலைகளுக்குரிய அக்கொடி தோட்ட வேலியிலிருந்து சோலைக்காட்டுக்குள் நுழைந்து, மரங்களின் உச்சிவரை ஏறி வெயிலை மறைத்து நிற்கிறது. ஹவாய்த் தீவுகளின் காடுகளையும் அது இவ்வாறே மூடியது. நீலப் பூப் பூக்கும் அயல்நாட்டுக் காலைக்கொடியை உதகைச் சாலையோரம் எங்கும் காணலாம். அதை எல்லையில் நட்டவர் பக்கத்து வீட்டாரோடு மாத்திரம் வழக்காடவில்லை. அடுத்துள்ள காட்டோடும் வழக்காடுகிறார். காடு கோர்ட்டுக்கு வராது என்பதுதான் வித்தியாசம்.

உண்ணிச்செடியின் கதை எல்லாவற்றிலும் பெரிது. அமெரிக்கக் கண்டத்துக்குரிய இந்தச் செடியை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்கும் வேலிக்குமாக ஆங்கிலேயர் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தனர். அங்கிருந்து அது இந்தியா முழுவதும் பரவி, முதுமலைக் காட்டின் அடித்தளத்தைப் பெரும்பாலும் தனதாக்கிக்கொண்டது. இந்தியக் காடுகளில் ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் அது இருப்பதாக 2020-இல் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். அது நின்ற இடத்தில் புல் இல்லை. புல் இல்லாத இடத்தில் மானும் காட்டெருமையும் என்ன செய்யும்? அயல்நாட்டுக் களைச்செடிகளை அகற்றுவதற்கென்றே தமிழ்நாட்டுச் சர்க்கார் 2022-இல் தனிக் கொள்கை வகுக்க நேர்ந்தது. இத்தனையும் யாரோ ஒருவர் வேலி அழகாக இருக்கட்டுமே என்று எண்ணியதன் பலன்.

இந்தக் கதையில் ஒரு வேடிக்கையும் உண்டு. கூடலூர்ப் பிரதேசத்துப் பணியரும் பெட்டக்குறும்பரும் காட்டுநாயக்கரும் உண்ணிச்செடியின் தண்டை வேகவைத்து வளைத்து, உண்மை யானை அளவுக்கே யானைகள் செய்கிறார்கள். ரியல் எலிஃபண்ட் கலெக்டிவ் என்ற அமைப்பின்கீழ் இவ்வேலை நடக்கிறது. 2021-இல் அந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் நின்றன; 2024-இல் அமெரிக்காவில் நியூபோர்ட் நகரத்தில் தொடங்கி ஊர் ஊராகச் சென்றன. வேலியாக வந்த செடி யானையாகித் தன் பிறப்பிடமான கண்டத்துக்கே திரும்பிப் போயிற்று. கூலியும் நம் மலைவாசிகளுக்குக் கிடைத்தது. ஆனால் காட்டில் எஞ்சியிருப்பது எத்தனை யானை செய்தாலும் தீராது.

இவ்வளவும் சொன்னதால், அண்டை எல்லையில் கொடியே கூடாது என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். முல்லைக்குத் தேர் ஈந்தவனை வள்ளல் என்று போற்றும் சாதியார் நாம். பாரி அந்த முல்லை எவன் எல்லையில் படர்ந்தது என்று விசாரித்ததாகத் தெரியவில்லை. பறம்பு மலை முழுவதும் அவனுடையதாயிருந்தது அவனுக்குச் சௌகரியம். சிறு பட்டாதாரர் சற்று விசாரித்தே தீர வேண்டும். அளந்து கல் நாட்டிய பின், கோட்டின்மேல் நடாமல் தம் பக்கம் இரண்டு மூன்று அடி தள்ளிப் பந்தலிட வேண்டும். அப்போது கொடியின் இரு புறத்தையும் தம் மண்ணில் நின்றே கழிக்கலாம். கழித்த குப்பையும் பிறர் வாசலில் விழாது.

குன்னூரின் மிதமான குளிருக்கு, மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய துன்பெர்ஜியா கொடியைப் போல் ஏற்றது வேறொன்றை நாம் அறியோம். மஞ்சளும் செம்பழுப்புமாகச் சரம் சரமாகத் தொங்கும் அதன் பூவைத் தேன்சிட்டு விடுவதில்லை. ஆனால் கனமான கொடி. மூங்கில் கழி தாங்காது. உறைபனி விழும் உதகைக்கு, பிரெஞ்சுத் தாவர நூலார் லெஷனோவின் பெயர் தாங்கிய வெள்ளைக் காட்டுரோஜா இருக்கிறது. அது இம்மலைகளின் சொந்தப் பிரஜை. முள்ளும் உண்டு, ஆகவே வேலியாகவும் பயன்படும். தாழ்ந்த சரிவுகளில் நம் மாநிலப் பூவாகிய செங்காந்தளை வைக்கலாம். அதன் கிழங்கு விஷம் என்பதைக் குழந்தைகள் உள்ள வீட்டார் மறக்கலாகாது. மழை முடிந்ததும் அது மண்ணுக்கு மேலே காய்ந்து மறைந்துபோகும். இடைவிடாத அனுபோகம் கோருவதற்கு அது சற்றும் லாயக்கில்லாத கொடி. அயலாருக்கு அதைவிட ஆறுதல் வேண்டுமா? காட்டெருமை உலாவும் தோட்டமாயிருந்தால் எந்தப் பந்தலும் ஓரிரவுதான்; கம்பியில்லாமல் கட்டினால் மிருகத்துக்காவது காயம் படாது.

தடுப்புச் சுவரின்மீது மட்டும் எந்தக் கொடியையும் ஏற்றவே கூடாது. மேல்வீட்டார் சுவரைக் கீழ்வீட்டார் பச்சையாக மூடிவிட்டால் பார்வைக்கு ரம்மியமாயிருக்கும். ஆனால் சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர் வெளியேறுவதற்காக விட்ட துளைகளை இலையும் வேரும் அடைத்துவிடும். வெடிப்பு விட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. மலையில் சுவரைத் தள்ளுவது பெரும்பாலும் மண்ணின் பாரமன்று, வெளியேற வழியில்லாத நீரின் பாரம். ஐப்பசி மழையில் அது விழும்போது, எல்லை அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று பார்த்து விழுவதில்லை. அடியில் தூங்குகிறவர்கள் கீழ்வீட்டார். ஆகவே துளைகளில் நீர் கசிகிறதா என்று மழைக்கு முன்னும் பின்னும் இரு வீட்டாரும் சேர்ந்து போய்ப் பார்ப்பது அவசியம். பேச்சுவார்த்தை இல்லாத வீடுகளானாலும் இதற்காகப் பேசத்தான் வேண்டும்.

அளவைக்கு மனு செய்கிறவர்கள் காலத்தையும் கவனிப்பது நலம். மழைக்காலத்தில் புதர் மண்டிக் கிடக்கும்போது சர்வேயர் வந்தால் கல்லைத் தேடுவதிலேயே பொழுது போய்விடும். மாசி பங்குனியில் புல் காய்ந்து சரிவு வெளுத்திருக்கும். புதைந்த கல்லின் தலை தெரியும். சங்கிலி தடையின்றி ஓடும். அப்போது அளந்து முடித்தால், வைகாசியில் குழி வெட்டி, ஆனி மழைக்குக் கொடியை நட்டுவிடலாம்.